கதவுக்குள் விழுந்த தோடு

பொருள் ஒன்று கையை விட்டு நழுவுவதும் அது உரிமையை விட்டு நீங்குவதும் ஒன்றல்ல. தெருவில் விழுந்த பணப்பையைக் குறித்து இதைச் சொன்னால் எவரும் எளிதில் ஒப்புவர். ஆனால் விழுந்த பொருள் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, அதற்குள் அந்த இடமே இரண்டு மூன்று கைகள் மாறிவிட்டால் அது யாருடையது? இவ்வினா ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் குடும்பங்களில் பலரிடம் மோட்டார் வாகனம் இருக்கிறது. அவற்றுள் கணிசமானவை பிறர் ஓட்டிப் பின் விற்ற வாகனங்கள். அத்தகைய வாகனம் எதுவும் தன்னை முன்பு வைத்திருந்தவர்களின் சிறு பொருள் ஒன்றைத் தன் வயிற்றில் இன்னும் வைத்திருக்கக்கூடும்.

வயிறு என்று சொன்னது அணிக்காக அன்று. காரின் கதவு உண்மையில் உட்பொள்ளலான ஒரு பெட்டி. ஜன்னல் கண்ணாடி இறங்கும்போது அது அந்தப் பெட்டிக்குள்தான் இறங்குகிறது. கண்ணாடிக்கு இருபுறமும் ரப்பர் பீடிங் உண்டு. வண்டி பழகப் பழக அந்த ரப்பர் காய்ந்து விலகும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவின்மேல் முழங்கையை ஊன்றி அமர்ந்திருப்பவரின் மோதிரமோ, தலையைச் சாய்த்து உறங்கும் பெண்மணியின் தோடோ அந்த இடுக்கின் வழியே உள்ளே போய்விட்டால் மேலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. மழைநீர் அவ்வழியே உள்ளே புகும் என்பதை அறிந்தே கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். நீர் வடிந்துவிடும்; தோடு தங்கிவிடும். அதன்மேல் உட்புறத்தில் ஒரு பாலிதீன் தாள், தாளின்மேல் மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்று சொல்லும் உட்பலகை, பலகையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள், கைப்பிடிக்குப் பின்னால் மறைவாக இரண்டு மூன்று திருகுகள். காந்தத்தைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இரும்புச் சாவி அதில் ஒட்டும், பொன் ஒட்டாது. ஆகவே பலகையைக் கழற்றினாலன்றிப் பொருள் வெளிப்படாது. பலகையைக் கழற்றும் சந்தர்ப்பமோ பல வண்டிகளுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். சிலவற்றுக்கு வராமலும் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் நீரில் மூழ்கிய கார்களை மீட்க வேண்டியிருந்தபோது, கதவுகளைத் திறந்து உலர்த்துவது தவிர்க்க முடியாத வேலையாயிற்று. அப்படிப்பட்ட நேரங்களில்தான் வண்டிகள் தாம் விழுங்கியவற்றைத் திருப்பித் தருகின்றன.

பீர்க்கன்கரணையில் ஒரு பட்டறையை மனத்தில் கொள்வோம். 2021 வரை தனிப் பேரூராட்சியாக இருந்து அவ்வாண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரை, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து வண்டலூர் நோக்கிச் செல்லும் எவரும் கடந்துதான் போக வேண்டும். அச்சாலையை அடுத்த ஒரு பட்டறைக்கு ஒருவர் தமது காரைக் கொண்டுவருகிறார். பன்னிரண்டு ஆண்டுப் பழைய வண்டி; தாம்பரத்தில் பதிவானது. ஆர்.சி. புத்தகத்தின்படி இவர் மூன்றாவது உரிமையாளர். பின்கதவின் கண்ணாடி இறங்க மறுக்கிறது. மெக்கானிக் தம்மிடம் வேலை பழகும் பையனை அழைத்து டோர் பேடைக் கழற்றச் சொல்கிறார். பையன் கழற்றுகிறான். அடியில் படிந்த சேற்றில் ஒரு கல் பதித்த தோடு கிடக்கிறது. ஒற்றைத் தோடு, அதன் திருகாணி இல்லை. இந்த நால்வகைச் சூழ்நிலையில் எவரும் தீயவர் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். தீயவரைப் பற்றிய அறவினா எளிது. அதற்குக் கட்டுரை வேண்டியதில்லை.

வண்டிக்காரர் என்ன எண்ணுவார்? ‘வண்டியை உள்ளது உள்ளபடி விலை பேசி வாங்கினேன். ஸ்டெப்னியும் ஜாக்கியும் எனக்கு எப்படிச் சொந்தமோ அப்படியே இதுவும்’ என்பார். இவ்வாதத்தில் ஒரு பொருத்தம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஸ்டெப்னி இருப்பது விற்றவருக்குத் தெரியும். தெரிந்தே அதை விலையில் சேர்த்தார். தோடு இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஒருவர் எவ்வாறு விற்பார்? விற்பதும் கொடுப்பதும் மனத்தின் செயல்கள். கை கொடுத்தது, மனம் கொடுக்கவில்லை என்றால் அது கொடுத்ததாகாது. மேலும், விற்றவர் இரண்டாவது உரிமையாளர். தோடு முதலாமவர் வீட்டினுடையதாக இருந்தால், தமதல்லாததை அவரும் விற்றிருக்க இயலாது.

பையன் ஒன்றும் பேசமாட்டான். ஆனால் அவனுக்கும் ஒரு வாதம் உண்டு. ‘நான் கையைச் சேற்றில் விட்டிராவிட்டால் இது இன்னும் உள்ளேயே கிடந்திருக்கும், வண்டியோடு பழைய இரும்புக்குப் போயிருக்கும்’ என்று அவன் நினைத்தால் அதை இழிவாக எண்ணக்கூடாது. கண்டெடுத்தவனின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. அதற்குரிய பரிசு வேறு, பொருளின் உரிமை வேறு என்பதுதான் நாம் சொல்லக்கூடியது.

இவ்விரு வாதங்களும் வெளிநாட்டு நீதிமன்றங்களில் மோதியிருக்கின்றன என்பது அறியத்தக்க செய்தி. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 1877இல் தீர்ப்பான டர்ஃபி எதிர் ஜோன்ஸ் என்னும் வழக்கில் பொருள் வாகனமன்று, ஒரு பழைய இரும்புப் பெட்டகம். அதை வாங்கியவர், விற்றுத் தருமாறு மற்றொருவர் கடையில் வைத்தார். கடைக்காரர் ஆராய்ந்தபோது வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையில் 165 டாலர் நோட்டுச் சுருள் கிடைத்தது. பெட்டகத்தின் உரிமையாளருக்கு அதில் பாத்தியதை இல்லை, உண்மையான உரியவர் வரும்வரை கண்டெடுத்தவரே வைத்திருக்கலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. அதே நாட்டில், ஐயோவா மாநிலத்தில், 1995இல் பெஞ்சமின் எதிர் லிண்ட்னர் ஏவியேஷன் என்னும் வழக்கு. ஒரு வங்கிக்குச் சொந்தமான சிறு விமானத்தை ஆண்டுச் சோதனைக்காகத் திறந்த மெக்கானிக், துருவேறிய திருகுகளை வருந்திக் கழற்றி இறக்கையின் அடித்தகட்டை நீக்கியபோது, அலுமினியத் தாளில் சுற்றிய பழைய நோட்டுக் கட்டுகளைக் கண்டார். 18,000 டாலர். இங்கே தீர்ப்பு நேர்மாறாக அமைந்தது: யாரோ வேண்டுமென்றே வைத்து மறந்த பொருள் இது, உரியவர் வரும்வரை விமானத்தின் உரிமையாளரே இதைக் காக்கத்தக்கவர் என்றார்கள்.

ஒரே வகையான இடுக்கு. இரு வேறு முடிவுகள். ஒன்றில் தவறி விழுந்தது என்றார்கள். மற்றொன்றில் வைத்து மறந்தது என்றார்கள். நீதிபதிகளின் நுண்மையைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இரண்டு வழக்குகளிலும் உரியவர் நீதிமன்றத்தில் இல்லை. எதிரில் நிற்கும் இருவருள் யாருக்கு உரிமை மிகுதி என்பதே அங்கு எழுந்த கேள்வி. சட்டத்தின் தொழில் அத்தகையது. வந்து நிற்பவர்களுக்கிடையில்தான் அது தீர்ப்புச் சொல்ல முடியும். அறம் வராதவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் மோசமானதன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் கொண்டவருக்கு, ஒப்படைப்பாக ஒரு பொருளைப் பெற்றவருக்குரிய கடமை அனைத்தும் உண்டு என்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவில் அழகான எடுத்துக்காட்டுகளைத் தந்திருந்தது. பெருவழியில் ஒரு ரூபாயைக் கண்டெடுப்பவன், அது யாருடையது என்று அறியாதவனாயின், எடுத்த அளவில் குற்றவாளி அல்லன். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடும் முயற்சி ஒன்றும் செய்யாமல் உடனே விற்றவன் குற்றவாளி. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314ஆம் பிரிவாக வந்திருக்கிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாதது. ரூபாய்க்கும் மோதிரத்துக்கும் உள்ள வேறுபாடு விலை மட்டுமன்று. தேடினால் கிடைக்கக்கூடியவர் மோதிரத்துக்கு இருக்கிறார். வாகனக் கதவில் கிடந்த பொருளுக்கோ இது இன்னும் தெளிவு. தெருவில் ஆயிரம்பேர் நடக்கிறார்கள். ஒரு காரில் ஏறியிறங்கியவர்களோ மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர்களின் பெயர் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. வண்டி கைமாறியபோதெல்லாம் 29, 30 எண் படிவங்களில் கையொப்பம் இடப்பட்டிருக்கிறது. ‘யாருடையதோ!’ என்று சொல்லித் தப்பும் வழி தெருவில் கண்டெடுத்தவனுக்கு ஓரளவு உண்டு. காரில் கண்டெடுத்தவருக்கு அது அவ்வளவாக இல்லை. வாடகைக் கார், ஆட்டோ, பேருந்து ஆகியவற்றின் நிலை வேறு. அங்கே நாள்தோறும் முகம் அறியாதவர்கள் அமர்ந்து போகிறார்கள். பெருங்களத்தூரில் இரவு நேரத்தில் தென்மாவட்டப் பேருந்துகளில் இடம் தேடி ஏறிய அனுபவம் உடையோர், அந்த இருக்கையின் இடுக்குகளில் யாருடைய பொருள்தான் இராது என்று ஒப்புக்கொள்வர்.

நம் ஆன்றோர் இல்லறத்தாருக்குரிய கள்ளாமை அணுவிரதத்தை வகுத்த முறையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் பயிலப்படுபவை. கள்ளாமை என்றால் சுவரைத் துளைக்காமை, பூட்டை உடைக்காமை என்ற அளவில் அவை நிற்கவில்லை. பிறர் வைத்தது, தவறி விழுந்தது, மறந்துபோனது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்க நீதிமன்றங்கள் நூற்றாண்டு கடந்து பிரித்துப் பார்த்த வைத்ததும் விழுந்ததும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் அவற்றால் முடிவு மாறுவதில்லை. கொடுக்கப்படாதது என்ற ஒன்றே போதும். தத்துவார்த்த சூத்திரம் களவுக்குத் தரும் இலக்கணமும் இதுவே: கொடாததைக் கொள்ளுதல்.

இரத்தினகரண்டகத்தின் இலக்கணத்தில் பலரும் கவனியாமல் கடந்துவிடும் ஒரு சொல் இருக்கிறது. அத்தகைய பிறர்பொருளைத் தான் கொள்ளாமை மட்டுமன்று, பிறருக்குக் கொடாமையும் விரதத்தின் பகுதியாகச் சொல்லப்படுகிறது. இது ஏன் என்று சிந்திக்க வேண்டும். நம்மவருள் நல்ல மனம் படைத்தவர்கள் கண்டெடுத்த பொருளைத் தாம் அனுபவிக்கக் கூசி, கோயில் உண்டியலில் சேர்த்துவிடுவது வழக்கம். பீர்க்கன்கரணைப் பட்டறையிலும் வண்டிக்காரர் இறுதியில் இம்முடிவுக்குத்தான் வருவார் என்று நாம் ஊகிக்கிறோம். தோட்டை விற்று, பையனுக்கு ஏதேனும் கொடுத்து, மீதியைத் திருப்பணிக்கு அனுப்பிவிட்டால் மனம் தெளிந்துவிடும். ஆனால் தானம் என்பது தன்னுடையதைத் தருவது. பிறருடையதைத் தருகின்றவன் தானம் செய்தவனாகான். அப்பொருளுக்குப் பெற்ற ரசீதில் அவன் பெயர் இருக்குமானால் நிலைமை இன்னும் மோசம். தம் ஆசையை அடக்கிய பெருமையும் தேடும் சிரமத்திலிருந்து விடுதலையும் ஒருங்கே கிடைப்பதால்தான் இவ்வழி இவ்வளவு இனிதாக இருக்கிறது என்பது நம் கருத்து. அன்பர்கள் சிலருக்கு இது கசக்கலாம்.

இதுவரை நாம் கூறியதெல்லாம் பொருளைப் பற்றியது. பொருள் அளவில் நின்றால், ‘ஒற்றைத் தோடுதானே, இழந்தவர் இத்தனை ஆண்டில் மறந்திருப்பார், வேறு வாங்கியிருப்பார்’ என்ற சமாதானம் மேலோங்கிவிடும். அதற்கு விடை சொல்வதும் கடினம். பற்றின்மையை மதிக்கும் நாம், ஒரு தோட்டின் பொருட்டு இவ்வளவு அலைய வேண்டுமா என்று கேட்பவரை மறுத்துவிட முடியாது. ஆகவே தோட்டை விட்டுவிட்டு, அது காணாமற்போன நாளுக்குச் செல்வோம்.

அன்று மாலை அவ்வீட்டில் என்ன நடந்திருக்கும்? அம்மையார் ஒரு திருமணத்துக்குப் போய் வந்து, அணிகளைக் கழற்றுகையில் ஒரு காது வெறுமையாய் இருப்பதைக் காண்கிறார். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மண்டபத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள், படுக்கையை உதறுகிறார்கள், காரின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கதவைத் திறக்க எவருக்கும் தோன்றாது. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில், ‘அன்றைக்கு யார் யார் வந்தார்கள்?’ என்று கேட்பார். அக்கேள்வி ஒருபோதும் உறவினரிடம் போய் நிற்காது. பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணிடமோ, வண்டி ஓட்டியவரிடமோ, காலையில் காரைத் துடைக்கும் பையனிடமோதான் போய் நிற்கும். காவல் நிலையத்துக்குப் போகமாட்டார்கள், பெரிய மனம். ‘அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம்மா’ என்ற அளவில் முடித்துவிடுவார்கள். அடுத்த வீட்டார் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தால், ‘வேலை சுத்தம்தான்’ என்று சொல்லிச் சற்றே நிறுத்துவார்கள். அந்த நிறுத்தமே போதும்.

குற்றம் சாற்றப்படவில்லை, ஆதலால் மறுக்கவும் வழியில்லை. தான் எடுக்கவில்லை என்பதை அப்பெண் எவ்வாறு மெய்ப்பிப்பாள்? அதற்கான ஒரே சான்று காரின் பின்கதவுக்குள் சேற்றில் கிடக்கிறது. வண்டி விலைபோகிறது, மறுபடி விலைபோகிறது, சான்றும் உடன் போகிறது. பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு பையனின் விரலில் அது தட்டுப்படுகிறது. அப்போது அவன் கையில் இருப்பது கால் சவரன் பொன் மட்டுமா?

வாரிஷேணன் கதையை நம் தாய்மார் எல்லாரும் அறிவர். சிரேணிக மன்னனின் மைந்தனாகிய அவன், சதுர்த்தசி இரவில் சுடுகாட்டில் தியானத்தில் நின்றான். காவலர் துரத்தி வந்த கள்வன் ஒருவன், தான் திருடிய மாலையை அவன் முன்னால் எறிந்துவிட்டு மறைந்தான். பொருள் யார் எதிரில் கிடந்ததோ அவனே கள்வன் என்று முடிவாயிற்று. தந்தையே கொலைத்தண்டம் விதித்தான். வாள் மலர்மாலையான அதிசயத்தை நாம் போற்றுகிறோம். இரத்தினகரண்டகம் கள்ளாமைக்கு உதாரண புருஷனாக இவனையே காட்டுகிறது. ஆனால் அதிசயத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு நோக்கினால், அவன் செய்தது என்ன? ஒன்றுமே செய்யவில்லை. அருகில் இருந்தான், அவ்வளவே. அருகில் இருந்த குற்றத்துக்காகப் பழி சுமந்த அரசகுமாரனைக் காக்க அவன் தவம் இருந்தது. பாத்திரம் தேய்க்க வந்தவளுக்கு வாள் மலராவதில்லை. அவளுக்காக ஒரு மெக்கானிக் ஒரு கதவைத் திறந்திருக்கிறார், அது போதும். திறந்த பிறகு அதைக் கண்டவர்கள் பேசாதிருந்தால், பழியை மறுபடி உள்ளே வைத்து மூடியவர்கள் ஆகிறார்கள்.

‘எல்லா இழப்பிலும் எவரேனும் சந்தேகிக்கப்பட்டிருப்பார் என்று எவ்வாறு கூறலாம்?’ என்று கேட்கக்கூடும். கூற முடியாது. இவ்வீட்டில் எவரையும் ஐயுறாமலே விட்டிருக்கலாம். ஆனால் கண்டெடுத்தவருக்கு அது தெரியாது. தெரியாத நிலையில், இருக்கக்கூடிய தீங்கைக் கருதி நடப்பதே நமக்குப் பழக்கமான நெறி. நீரை வடிகட்டிப் பருகுபவர், ஒவ்வொரு சொம்பிலும் உயிரினம் இருப்பதைக் கண்ணால் கண்ட பின்பா வடிகட்டுகிறார்?

இனி, தேடும் முறை. இதில் மேருமந்தர புராணத்துப் பத்திரமித்திரன் கதை நமக்கு உதவும். அமைச்சன் சத்தியகோஷனிடம் அவன் அடைக்கலமாக வைத்த மணிகளை, வைத்ததே இல்லை என்று அமைச்சன் மறுத்தான். அரசி இராமதத்தை சூதாடி அமைச்சனின் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டி மணிகளை வரவழைத்தாள். அதன்பின் அரசன் செய்ததுதான் நுட்பம். அம்மணிகளோடு தன் மணிகளையும் கலந்து வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்றான். பத்திரமித்திரன் தன்னுடையவற்றை மட்டுமே எடுத்தான். உரியவர் யார் என்பதை அரசன் கேட்டறியவில்லை, காட்டச் செய்தான். பட்டறையிலும் இதுவே முறை. முந்தைய உரிமையாளருக்குத் தொலைபேசியில், ‘ஒரு கல் தோடு கிடைத்திருக்கிறது, உங்களுடையதா?’ என்று கேட்டால், ஆம் என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. ‘இந்த வண்டி உங்களிடம் இருந்தபோது ஏதேனும் தவறிப் போனதுண்டா?’ என்று மட்டும் கேட்க வேண்டும். இல்லை என்றால் அவருக்கு விற்றவரின் முகவரியைப் பெற வேண்டும். ஒற்றைத் தோட்டுக்கு ஒரு நன்மை உண்டு: அதன் இணை எவரிடம் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு எவரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. நம் வீட்டுப் பெண்கள் ஒற்றைத் தோட்டை எளிதில் அழிக்கமாட்டார்கள். ஒரு டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருப்பார்கள்.

சத்தியகோஷன் கதையை இரத்தினகரண்டகம் களவுக்கு எடுத்துக்காட்டாக வைக்காமல் பொய்ம்மைக்கு வைத்திருப்பதும் கருதத்தக்கது. வைத்துக்கொள்ளும் பொருள் அதோடு நிற்பதில்லை. நகைக்கடையில் ‘யாருடையது?’ என்று கேட்பார்கள். ‘வீட்டினுடையது’ என்று சொல்ல நேரும். மனைவி கேட்பாள், பையனின் வாயை அடைக்க வேண்டும். பையனோ, பதினாறு பதினேழு வயதில், பெரியவர்கள் இத்தகைய சமயங்களில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வேலையோடு சேர்த்துக் கற்றுக்கொள்கிறான்.

எத்தனை நாள் தேடுவது என்பதற்கு அளவு வகுத்துவிட முடியாது. சட்டமும் வகுக்கவில்லை, தக்க முயற்சி, தக்க காலம் என்றே விட்டிருக்கிறது. கொண்டை ஊசிக்கும் ஐந்து ரூபாய் நாணயத்துக்கும் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் விலையை மட்டும் கொண்டு அளக்கவும் கூடாது. வீட்டுச் சாவி, காதுகேட்கும் கருவி, ஜபமாலை, பழைய நிழற்படம் போன்றவை சந்தையில் ஒன்றும் பெறாதவை, இழந்தவருக்கு அப்படியல்ல. முயன்றும் உரியவர் கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ரசீது பெறுவது, பையன், மெக்கானிக், வண்டிக்காரர் மூவரையும் பழியிலிருந்து காக்கும்.

இழந்தவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளை இழந்தால் பற்றைக் குறைத்துக்கொள் என்று அவருக்கு உபதேசிப்பது வழக்கம். நல்ல உபதேசம்தான், ஆனால் பாதிதான். தோட்டை மறந்துவிட்டு ஐயத்தை வைத்துக்கொள்பவர் எதைத் துறந்தார்? ஆட்களை நினைப்பதற்கு முன் இடங்களை நினைப்பது அவர் கடமை. காரில் வந்த நாளில் காணாமற்போன பொருளுக்கு, கதவையும் இருக்கைத் தண்டவாளத்தையும் கியர் தண்டின் உறையையும் திறந்து பாராமல் ஒரு மனிதரின் பெயரை வாயால் சொல்வது தகாது. டோர் பேடைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. இரண்டு கிளிப் உடையலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புதிய வண்டியானால் தெரிந்தவரைக் கொண்டே திறக்க வேண்டும். வடிகால் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், உள்ளே எறும்பு குடியிருப்பதும் உண்டு. பகல் வெளிச்சத்தில் திறந்து, மருந்து தெளிக்காமல், அவை விலக நேரம் கொடுத்துச் செய்யலாம். வேலைக்காரப் பெண்ணை நிறுத்துவதைவிட இது சிரமமான காரியமன்று.

பீர்க்கன்கரணைத் தோடு உரிய வீட்டைச் சென்றடைந்தது என்றே கொள்வோம். கொண்டுபோய்க் கொடுப்பவர் அதைக் கையில் வைத்து, நன்றியைப் பெற்றுத் திரும்பிவிடக் கூடாது. வண்டியின் பின்கதவுக்குள், கண்ணாடிக்குக் கீழே, சேற்றில் கிடந்தது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எவரும் எடுக்கவில்லை என்பது அதனால்தான் விளங்கும். அங்கே ஒரு கணம் அமைதி நிலவினால், யாரைப் பற்றி எண்ணுகிறார்கள் என்று கேட்பது நாகரிகமன்று. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதைத் தேடிச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வீட்டார்தாம். அவள் இரும்புலியூரிலோ கொளப்பாக்கத்திலோ இன்னும் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் அவளுடைய பிள்ளைகளிடமாவது, நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.